இரண்டாம் பாறையின் அகற்றுநர்

ஒரு மனிதர் இல்லாமல் போனால் எது குறையும் என்பதை, அவரைக் கொஞ்ச நாள் இல்லாமல் செய்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? தத்துவம் படிப்பவர்கள் இந்தக் கேள்வியை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பார்கள். அகற்றுநரின் வாழ்க்கையில் அது மூன்று பிரதிகளில், முத்திரையோடு, அலுவலக ஆணையாக வந்தது.

அகற்றுநர் என்பது அவருடைய பதவியின் பெயர். கடலோர ஆய்வு நிலையம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். நிலையத்தின் பின்புறம், கடலுக்குள் நாற்பது அடி தள்ளி, இரண்டு பாறைகள் அடுத்தடுத்து நின்றன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அலை நன்றாக வற்றும் வேளையில், ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பச்சை வாளியோடு அவர் இரண்டாம் பாறைக்குப் போக வேண்டும். அதில் ஒட்டியிருக்கும் நட்சத்திர மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, முடிந்தவரை தூரமாகக் கடலில் வீச வேண்டும். பதிவேட்டில் இனம், எண்ணிக்கை, தேதி என்ற மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். முதலாம் பாறையைத் தொடவே கூடாது. அவ்வளவுதான் வேலை.

ஏன் வீச வேண்டும் என்பதற்கும் காரணம் இருந்தது. நட்சத்திர மீன் சிப்பியைத் தின்னும். அது தின்றுகொண்டே இருப்பதால் முதலாம் பாறையில் சிப்பிக்கு நடுவே இடைவெளிகள் விழும். அந்த இடைவெளிகளில் பாசி, நத்தை, கடல் சாமந்தி, பல் போலப் பாறையைக் கவ்வியிருக்கும் கொட்டலசு என்று பதினைந்து இனங்கள் குடியிருந்தன. நட்சத்திர மீனை எடுத்துவிட்ட இரண்டாம் பாறையில் சிப்பி மட்டுமே இருந்தது. கறுப்பாக, நெருக்கமாக, ஒரு விரல் வைக்க இடமில்லாமல். கல் வளைவு ஒன்றின் உச்சியில் இருக்கும் முடிக்கல்லை உருவினால் வளைவு முழுவதும் சரிகிற மாதிரி, ஒரே ஒரு இனத்தை எடுத்ததும் ஒரு சமூகம் முழுவதும் சரிகிறது. அதனால் அப்படிப்பட்ட இனத்துக்கு முடிக்கல் உயிரினம் என்று அங்கே பெயர். இதை நிரூபிக்க இரண்டு ஆண்டுகள் போதும். மிச்ச இருபது ஆண்டுகள் யாரும் நிறுத்தச் சொல்லாததால் நடந்தன.

வேலைக்கு எடுத்தபோது பழைய இயக்குநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், நீச்சல் தெரியுமா என்று. தெரியாது என்றார் இவர். அப்படியானால் பாறையைத் தாண்டிப் போக மாட்டீர்கள், நல்லது என்று அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவரைத் திறமைசாலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நட்சத்திர மீனைப் பாறையிலிருந்து எடுப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அது பார்க்கத்தான் சோம்பலாக இருக்கும். தொட்டுவிட்டோம் என்று தெரிந்ததும் மீன் ஆயிரம் குழாய்க்கால்களால் பாறையை இறுக்கிக்கொள்ளும். அப்புறம் இழுத்தால் மீனின் கை பிய்ந்துதான் வரும். அதனால் அதற்குத் தெரியும் முன்பே உள்ளங்கையை அடியில் நுழைத்து எடுத்துவிட வேண்டும். முதல் தடவையில் வரவில்லை என்றால் விட்டுவிட்டு வேறொன்றைப் பார்க்கப் போவார். அது மறந்த பிறகு திரும்பி வருவார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு மீனையும் அவர் பிய்த்ததில்லை. இதைப் பெருமையாக அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை. வேறு பெருமைகள் இருந்து அவற்றைச் சொல்லாமல் விட்டவர் அல்ல, பேச்சே குறைவு.

நிலையத்தில் ஆறு பணியிடங்கள்: ஆய்வாளர், கணக்கர், தட்டச்சாளர், ஓட்டுநர், சமையல்காரர், அகற்றுநர். இவர்களுக்கு மேலே இயக்குநர், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அவருடைய பதவி தலைமையகத்தின் கணக்கில் இருந்தது. ஒரு நாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறில் ஒரு பணியிடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை என்பதை ஆறு மாதத்துக்குள் நிலையமே முடிவு செய்துகொள்ளலாம்.

வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் கடைசியாகச் சேர்ந்தவரை அனுப்பியிருப்பார்கள், அல்லது யாருக்கும் பிடிக்காதவரை. இயக்குநருக்கு இரண்டும் அநியாயமாகப் பட்டன. நாம் விஞ்ஞான நிலையம், முடிவை விஞ்ஞானமே சொல்லட்டும் என்றார். ஒவ்வொருவரையும் முறை வைத்து மூன்று வாரம் முழுச் சம்பளத்தோடு அகற்றுவது. மிச்சம் இருப்பவர்களின் சமூகத்தில் என்ன மாறுகிறது என்று பாறையில் அளப்பது போலவே அளப்பது. யாரை எடுத்தால் சமூகம் சரியவில்லையோ அவருடைய இடத்தை விட்டுக்கொடுப்பது. ஆய்வாளருக்கு வயது முப்பது. முடிக்கல் உயிரினம் பற்றித்தான் பட்டம் வாங்கியிருந்தார். இதைக் கேட்டதும் அவருடைய முகம் பிரகாசமானதாகத் தட்டச்சாளர் பின்னால் சொன்னார்.

பாறையில் எண்ணுவதற்கு அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று இருந்தது, வெள்ளைக் குழாயில் செய்தது. அதைப் பாறைமேல் வைத்து உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று எண்ணுவார்கள். மனிதர்களுக்கு அது போதாது என்று இரண்டு மீட்டரில் புதிதாக ஒன்று செய்தார்கள். கதவுகளில் அதைச் சாய்த்துத்தான் நுழைக்க முடிந்தது. சாப்பாட்டு அறை, முன் வராந்தா, தட்டச்சு அறை, குழாயடி என்று நான்கு இடங்கள். தினமும் பதினொரு மணிக்கு ஆய்வாளர் ஒவ்வொரு இடத்திலும் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே அகப்பட்டவர்களை எண்ணினார். இரண்டு கால்களும் உள்ளே இருந்தால் ஒன்று. ஒரு கால் மட்டும் என்றால் அரை. ஓட்டுநருக்கு எப்போதும் வாசற்படியில் ஒரு காலை வைத்து நிற்கும் பழக்கம். ஆய்வு முழுவதும் அவர் அரை ஓட்டுநராகவே பதிவானார். ஒருவருடைய பொருட்கள் எவ்வளவு இடத்தை மூடியிருக்கின்றன என்பதும் கணக்கில் சேரும். சிப்பியின் ஓடும் சிப்பிதானே என்றார் ஆய்வாளர்.

அகற்றுவது யார் என்ற கேள்வி எழவே இல்லை. பணி விளக்கப் பட்டியலில் தெளிவாக இருந்தது: அகற்றுதல், அகற்றுநரின் வேலை. அதனால்தான் அவருடைய முறை கடைசியாக வைக்கப்பட்டது.

முதல் சீட்டு சமையல்காரருக்கு விழுந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அகற்றுநர் சமையலறைக்குப் போனார். ஆணியில் மாட்டியிருந்த சமையல்காரரின் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பை போகும்போது மனிதர் நின்றுகொண்டிருக்க முடியுமா? கையைத் துடைத்தபடி சமையல்காரர் பின்னாலேயே வந்தார். இருநூறு அடி தள்ளியிருந்த பஸ் நிறுத்தம் வரை இருவரும் போனார்கள். பஸ் வந்ததும் பை ஏறியது, பையின் பின்னால் ஆள் ஏறினார். பதிவேட்டில், நட்சத்திர மீன் எண்ணிக்கைகளுக்குக் கீழே, அடுத்த வரியில் எழுதினார்: இனம் சமையல்காரர், எண்ணிக்கை ஒன்று. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் தனிப் பதிவேடு கிடையாது. அந்தப் பதிவேட்டில் எழுதியதை அடிக்கவோ திருத்தவோ கூடாது என்பது பழைய இயக்குநர் காலத்து விதி. திருத்தினால் தரவு போய்விடும்.

மூன்றாம் நாள் சமையல்காரர் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பாத்திரத்தைத் தேய்க்காமல் போட்டிருப்பார்கள் என்ற கவலை. அகற்றுநர் போய்ப் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஐந்தாம் நாள் சமையல்காரர் கடற்கரைப் பக்கமாக வந்தார். மூன்று வாரத்தில் மறுவருகை நான்கு என்று பதிவானது. ஆய்வாளருக்கு ஒரே சந்தோஷம். நட்சத்திர மீனும் இப்படித்தான் திரும்பி வரும்.

ஆனால் சமையலறை சரியவில்லை. மூன்று நாள் எல்லோரும் ரொட்டியைத் தின்றார்கள். நான்காம் நாள் ஆளுக்கொரு டப்பா கொண்டு வந்தார்கள். இரண்டாம் வாரம் டப்பாக்களை மாற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்த சமையல்காரர் அறிக்கையை வாங்கிப் படித்தார். காலி இடத்தை மாற்று இனங்கள் மூன்றே நாளில் நிரப்பின என்று அதில் இருந்தது.

"பதினெட்டு வருஷமா சமைக்கிறேன்," என்றார் அகற்றுநரிடம். "நான் போனா மூணே நாள்தானா, தம்பி?"

"நாலாவது நாள்தாண்ணே டப்பா வந்துச்சு," என்றார் அகற்றுநர். ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

ஓட்டுநர் போனபோது எல்லோரும் பஸ்ஸில் வந்தார்கள்; கூடவே நேரத்துக்கும் வந்தார்கள். தட்டச்சாளர் போனபோது கடிதங்களைக் கையால் எழுத வேண்டி வந்தது, அதனால் கடிதங்கள் சுருங்கின. அவற்றில் பாதி தேவையே இல்லை என்று இயக்குநருக்குத் தெரிய வந்தது. கணக்கர் போன மூன்று வாரமும் நிலையத்தின் வரலாற்றிலேயே இனங்களின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்ட காலம். எல்லோரும் எல்லா இடத்திலும் இருந்தார்கள். குழாயடிச் சட்டத்துக்குள் ஒரு நாள் இயக்குநரே அகப்பட்டுக்கொண்டார். எண்ணி முடிக்கும் வரை அசையாமல் நின்றார்.

பிறகு ஆய்வாளரின் முறை. அவருடைய பையையும் அகற்றுநர் எடுத்துக்கொண்டு நடந்தார். மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் திரும்பி வந்து தாள்களைப் பார்த்தார். எல்லாக் கட்டங்களும் காலி. எண்ண வேண்டியவர் அவர்தான். அவர் இல்லாதபோது எண்ண யாரையும் நியமிக்கவில்லை. காலிக் கட்டம் இருக்கக் கூடாது என்பது விதி. எனவே அவர் ஒவ்வொன்றிலும் சுழியம் போட்டார். வரைபடத்தில் கோடு மலை உச்சியிலிருந்து விழுந்த கல் போலக் கீழே போனது. மூன்று வாரம் அந்த நிலையத்தில் ஒரு உயிரினமும் இருக்கவில்லை.

"தம்பி, நாங்க எல்லாரும் இங்கதான் இருந்தோம்," என்றார் தட்டச்சாளர்.

"பதிவு இல்லையேக்கா."

"நீ போன அன்னிக்கு என் செருப்பு அறுந்துச்சு. தைச்சுக்கூட போட்டேன்."

"இருக்கலாம்," என்றார் ஆய்வாளர். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. தரவு அப்படிச் சொல்வதாகவும், அதில் தன் விருப்பம் எதுவும் இல்லை என்றும் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். இயக்குநர் அந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். ஏதோ தவறு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. எங்கே என்று தெரியவில்லை. அந்தத் தாளைக் கோப்பில் வைத்தார்.

மிச்சம் அகற்றுநர். இங்கேதான் சிக்கல். அவரை அகற்றினால் இரண்டாம் பாறையில் நட்சத்திர மீன்களை அகற்ற ஆள் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தடவைகூட விடுபடாத வேலை. மூன்று மணி நேரம் பேசினார்கள். வேறு யாராவது போய் எடுத்து வீசலாமே என்றார் ஓட்டுநர், வாசற்படியில் நின்றபடி. வேறு கை வீசினால் வேறு தூரம், அது வேறு ஆய்வு என்றார் ஆய்வாளர். கடைசியில் இயக்குநர் பாறை வேலையை நிறுத்திவைக்கக் கையெழுத்திட்டார். நியாயத்துக்காகத் தன் தரவையே பலியிட்ட அதிகாரி என்று அவரைப் பாராட்டலாம்தான். ஆனால் அந்த நியாயத்தை அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அகற்றுநர் தன்னுடைய முக்காலியருகே போனார். தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பஸ் வந்து போனது. அவருடைய வீடு நிலையத்தின் குடியிருப்பில், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது ஆய்வு எல்லைக்கு வெளியே என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சுற்றிக்கொண்டு பின் வழியாக வீட்டுக்கு வந்தார்.

அந்த வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். முன்னறையில் அவர் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. குடியிருப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் அவரிடம்தான் தைத்தார்கள். மகள் பள்ளியின் கடைசி ஆண்டில் இருந்தாள். குடியிருப்பின் மறுபக்க வேலியைத் தாண்டினால் பள்ளி. ஆகையால் அகற்றுநர் இல்லாமலே நிலையம் நன்றாக நடந்துவிடக் கூடாது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை.

முன்னறை ஜன்னலிலிருந்து பாறைகள் தெரியும். மனைவி நூலைக் கோர்க்கும்போதெல்லாம் இரண்டாம் பாறையைப் பார்த்தார். கறுப்பாகவே இருந்தது.

"என்னங்க, ஒண்ணுகூட வரலையே."

"வரும். அது மெதுவாத்தான் வரும்."

"மூணு வாரத்துக்குள்ள வருமா?"

"அஞ்சாறு வரலாம்."

அஞ்சாறு நட்சத்திர மீனை வைத்து ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்க முடியாது என்று மனைவி கணக்குப் போட்டார். பாறை நிறைய மீன் இருந்தால்தான் இவர் இல்லாதது நாலு பேர் கண்ணில் படும். மறுநாள் காலையில் பச்சை வாளியைக் கழுவி அவர் முன்னால் வைத்தார். முதலாம் பாறையில் எக்கச்சக்கமாக இருக்கிறது. ஒரு வாளி அள்ளி இரண்டாம் பாறையில் விட்டுவிட்டு வந்தால் என்ன?

"முதலாம் பாறையில கொறஞ்சிடும்," என்றார் அகற்றுநர்.

"அதை இந்த மூணு வாரம் யாருமே எண்ணப் போறதில்லையே."

"எண்ணாட்டியும் கொறையும்."

மனைவி வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அன்று முழுவதும் மெஷின் சத்தம் சாதாரண நாளைவிடப் பலமாகக் கேட்டது. சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் எல்லாம் மனப்பாடம்.

"அப்பா, இதுல நீங்க நட்சத்திர மீனா, சிப்பியா?"

அவர் யோசித்தார். "நான் வாளி," என்றார்.

நிலையத்தில் நடப்பதைச் சமையல்காரர்தான் தினமும் வந்து சொல்வார். முதல் வாரம் சொல்லச் செய்தியில்லை. இரண்டாம் வாரம் திங்கட்கிழமை, சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள் வைக்க இடமில்லை என்றார். செவ்வாய்க்கிழமை நான்கு தட்டுகளுக்கு. கணக்கரின் கோப்புகள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணக்கருக்கு ஐம்பத்தாறு வயது. கோப்புகளை விரித்து வைத்தால்தான் அவருக்கு வேலை ஓடும். தன் மேசை நிறைந்ததும் அடுத்த மேசை, அது நிறைந்ததும் வராந்தா பெஞ்ச். பார்த்து முடித்ததை அங்கேயே விட்டுவிடுவார். ஆனாலும் மறுநாள் காலை எல்லாம் அவருடைய அறை அலமாரியில் அடுக்கியிருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் வெயில் இறங்குவதுபோலக் கோப்புகளும் தாமே அறைக்குத் திரும்பும் என்பதாகவே அவர் இருந்துவிட்டார். உண்மையில் தினமும் ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் அகற்றுநர், வழியில் கிடக்கும் கோப்புகளைப் பொறுக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிடுவார். யாரும் சொல்லவில்லை. பணி விளக்கப் பட்டியலிலும் இல்லை. எதற்காகச் செய்தார் என்றால், அவை அங்கே கிடந்தன. கணக்கர் அதற்காக ஒரு நன்றி சொன்னதில்லை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை. "மீனு" என்பார். "மீனு, கொஞ்சம் தள்ளு, வெளிச்சத்தை மறைக்கிறே."

இப்போது எடுக்க ஆள் இல்லாததால் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. புதியவற்றை விரிக்கக் கணக்கருக்குப் புது இடம் தேவைப்பட்டது. அவர் கெட்டவரல்ல, பரவினார், அவ்வளவுதான். சாப்பாட்டு மேசை போனது. சமையல்காரர் அடுப்பு மேடையில் பரிமாறினார். வராந்தா போனது. தட்டச்சு அறைக்குள்ளும் கோப்புகள் நுழைந்தன, தட்டச்சாளர் மெஷினைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். ஓட்டுநரின் ஒற்றைக் காலுக்கு இருந்த வாசற்படியிலும் ஒரு கட்டு வந்து உட்கார்ந்தது, அரை சுழியமானது. மூன்றாம் வாரக் கடைசியில் குழாயடி. ஈரத்தில் வைக்கக் கூடாதே என்று கணக்கர் அடியில் பலகை போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் நான்கு இடங்களிலும் சட்டத்தை வைத்தார். நான்கிலும் ஒரே இனம். மூடிய பரப்பு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. அவர் நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தார்.

"இரண்டாம் பாறை, மேடம்," என்றார் மெதுவாக.

இயக்குநர் படிக்கட்டில் தட்டச்சாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார வேறு இடமும் இல்லை.

திங்கட்கிழமை அகற்றுநர் திரும்பி வந்ததும் இயக்குநர் அவரை அழைத்து, நீங்கள்தான் இந்த நிலையத்தின் முடிக்கல் என்றார். எழுத்திலும் கொடுத்தார். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பாறையில் எத்தனை வந்திருக்கிறது என்று கேட்டார். ஏழு. அன்று மதியம் அலை வற்றியதும் போய் ஏழையும் எடுத்து வீசிவிட்டு வந்தார். ஐந்து மணிக்குக் கோப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் அலமாரிக்குக் கொண்டு சேர்க்க நான்கு நாள் ஆனது. கணக்கர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

விட்டுக்கொடுக்க வேண்டிய பணியிடம் எது என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. யாரை அகற்றியபோது மற்றவர்கள் செழித்தார்களோ அவர். கணக்கர். ஆய்வாளர் மட்டும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். சிப்பி இருப்பதால்தானே நட்சத்திர மீன் முடிக்கல் ஆகிறது? கணக்கர் போய்விட்டால் அகற்றுநர் எதற்கு முடிக்கல்? அது அடுத்த ஆய்வு என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

கணக்கர் தன்னை அனுப்பும் தாள்களைத் தானே தயாரித்தார். ஆணை எண்ணில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, திருத்தி வாங்கிக்கொண்டார். அகற்றுநரின் வீட்டில் அந்த வாரம் வேறு மாதிரி இருந்தது. மனைவி முன்னறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டினார். மூன்று வாரம் பேசாததையெல்லாம் பேசினார். மகள் அந்த முடிக்கல் தாளை வாங்கிப் போய்த் தோழிகளிடம் காட்டிவிட்டு, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பத்து மணி. அகற்றுநர் கணக்கரின் அறைக்குப் போனார். பையை எடுத்தார், நடந்தார். கணக்கருக்கு முழங்கால் வலி உண்டு. அவருக்காக மெதுவாக நடந்தார் என்று சமையல்காரர் சொல்கிறார். எப்போதும் நடக்கிற மாதிரிதான் நடந்தார் என்று தட்டச்சாளர் சொல்கிறார். நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். வழியெல்லாம் கணக்கர் பேசிக்கொண்டே வந்திருந்தார், இன்னும் முடியவில்லை.

"மீனு, அந்த மூணாவது அலமாரிச் சாவி. அதை ஓட்டுநர்கிட்ட மட்டும் கொடுத்துடாதே. தொலைச்சிருவான்."

"சரி சார்."

"மார்ச் மாசக் கட்டுல ஒரு தாள் தலைகீழா இருக்கு. நேத்துதான் பாத்தேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"சரி சார்."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அகற்றுநர் பையைக் கணக்கரின் காலடியில் வைத்தார். பிறகு பஸ்ஸில் ஏறினார். உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நடத்துநர் கணக்கரைப் பார்த்து ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். பை அசையவில்லை என்பதால் கணக்கரும் அசையவில்லை. பஸ் போனது.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கணக்கர் பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினார். மார்ச் மாதக் கட்டை எடுத்து, தலைகீழாக இருந்த தாளைத் திருப்பி வைத்தார். விஷயம் தெரிந்து இயக்குநர் பதிவேட்டை வரவழைத்தார். அன்றைய தேதியில், காலை எட்டரை மணிக்கே எழுதப்பட்டிருந்தது: இனம் அகற்றுநர், எண்ணிக்கை ஒன்று. தலைமையகத்துக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு பணியிடம். பதிவேட்டைத் திருத்தவும் முடியாது.

இதைத் தியாகம் என்று சொல்ல அப்போது பலர் தயாராக இருந்தார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்துமா என்று தெரியவில்லை. கணக்கரை அவருக்குப் பிடிக்கும் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. தன் மனைவிக்கும் மகளுக்கும் அன்று காலை அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. புதுத் திரையை மாட்டிய ஜன்னலைத் தாண்டித்தான் எட்டு மணிக்கு வேலைக்குப் போனார். அதை நல்ல காரியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர்கள் கடைத்தெருவில் இரண்டு அறைகளுக்குக் குடிபோனார்கள். மகள் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போனாள். தையலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர்தான் அங்கே வந்தார்கள். அவர் ஒரு பெயின்ட் கிடங்கில் டப்பா அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

அன்று அந்த பஸ் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பியது. அவரும் அதிலேயே போய், அதிலேயே திரும்பி, மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தார். அதற்குள் சமையல்காரர் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனைவி மெஷினை நிறுத்தினார். ஏன் என்று கேட்டார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பல வருடங்கள், வெவ்வேறு விதமாக, கோபமாகவும் சிரித்துக்கொண்டும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

"பஸ் வந்துச்சு."